தெரியாமல் விரித்த மெத்தை

தோற்கப்போகிறவரை அவருக்கே தெரியாமல் ஜெயிக்க வைப்பதுதான் ஆறு வருடமாக நான் பார்க்கும் வேலை. செம்பூரில் ஒரு மூன்றாவது மாடி அலுவலகம். போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிறோம். படம் வரைபவர்கள் ஒரு பக்கம், புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு பக்கம், நடுவில் நான். ஒரு லெவல் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், எத்தனையாவது தோல்வியில் ஆள் அலுத்துப்போய்ப் போனைக் கீழே வைப்பார், அதற்கு முந்தைய தடவை அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது என் பொறுப்பு.

விளையாட்டு ஏன் பிடிக்கிறது என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்டால் ஒரு பட்டியல் சொல்வேன். செய்ததற்கு உடனே பதில் வர வேண்டும். அந்தப் பதில் கண்ணுக்கும் காதுக்கும் தெரிய வேண்டும். தோல்வி இருக்க வேண்டும், ஆனால் அது ஆடுகிறவரின் கைத்தவறாகத் தோன்ற வேண்டும், விளையாட்டின் அநியாயமாகத் தோன்றக் கூடாது. முடிந்தவரை மயிரிழையில் தவறியதுபோல் இருக்க வேண்டும். கடைசியாக, ஜெயித்தது தன் திறமையால்தான் என்று அவர் நம்ப வேண்டும்.

இந்தக் கடைசி வரிக்காகவே எங்களிடம் ஒரு புரோகிராம் துண்டு இருந்தது. ஒருவர் தொடர்ந்து மூன்று முறை தோற்றால் நான்காவது முறை அதே லெவல் கொஞ்சம் இளகிவிடும். துரத்துகிறவன் அரை நொடி தாமதமாக வருவான். பள்ளம் கொஞ்சம் குறுகும். திரையில் எதுவும் மாறாது, லெவலின் எண் அதே எண்தான். அலுவலகத்தில் அதை மராத்தியில் 'காதி' என்போம், மெத்தை. விழுகிறவருக்குத் தெரியாமல் கீழே விரிக்கப்படுவது என்பதால் அந்தப் பெயர். அதில் பெரும்பகுதியை எழுதியவள் நான்.

அந்த மெத்தையை நான் என் அண்ணனுக்கு விரித்தேன்.

அண்ணன் எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், சட்டை தைக்கும் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் எழுபது எண்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல்துணியில் கோடு போட்டு, செங்குத்தாக நின்று ஓடும் கத்தி பூட்டிய மிஷினை அந்தக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கத்தி கோட்டைவிட்டு அரைவிரல் விலகினால் எண்பது சட்டையும் கோணல். அப்பா போன பிறகு என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அந்த மிஷின்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து முனையில் கேரம். அண்ணன் நன்றாக ஆடுவார், ஆனால் சந்தில் அவரைவிட நன்றாக ஆடுகிறவர் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் போனால் போகட்டும் என்று கண்ணெதிரே இருந்த சுலபமான காயை அடிக்காமல் விட்டார். அண்ணன் ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போற? ஒன் ஆட்டம்தான்."

"பிச்ச போட்டு ஆடுறவங்கூட நான் ஆட மாட்டேன்."

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அண்ணனின் இந்தக் குணம் எனக்குத் தெரியாதது இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து மக் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பத்து நாள் மருத்துவமனை. கோணிய வாய் நேரானது. கால், இழுத்து இழுத்தாவது நடக்க வந்தது. இடது கை மட்டும் தொங்கிக்கொண்டு இருந்தது. முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு வருவது மெதுவாகத்தான் வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. யாரைப் பார்த்தாலும் அதையே கேட்டார். "மிஷின் பிடிக்கலாமா?"

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பிசியோதெரபி மையம் இருக்கிறது. அங்கே இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மராத்திக்காரப் பெண்மணி. சிரிக்க மாட்டார். அண்ணன் அவரிடமும் இந்தியில் அதையே கேட்டார்.

"மிஷினைப் பிடிப்பது வலது கை. இடது கை என்ன செய்யும், காட்டுங்கள்" என்றார் அவர்.

அண்ணன் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். உள்ளங்கை துணியின்மேல் படர்ந்து கிடக்க வேண்டும், கத்திக்குப் பக்கத்தில், அடுக்கு நகராமல். கத்தி போகப் போகக் கையும் கூடவே போக வேண்டும்.

"அப்படியானால் நம் வேலை அதுதான்" என்றார். "விரிந்த கை."

வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும். மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிற மதினி, காலைச் சமையலை முடித்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பி வந்து அண்ணனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு மறுபடியும் மாட்டுங்காவுக்கே போவார். மீதி நாட்களுக்கு வீட்டுப் பயிற்சி: விரல்களை வலது கையால் விரித்து முப்பது எண்ணும்வரை பிடிப்பது, மேசைமேல் துண்டை வைத்து அதன்மேல் கையைப் பரப்பி முன்னும் பின்னும் தள்ளுவது, தட்டில் கிடக்கும் கொண்டைக்கடலையை எடுத்துப் போடுவது.

"இதென்ன ஏட்டி, துண்டத் தள்ளு, துண்டத் தள்ளுன்னு. நான் என்ன ஓட்டல்ல மேச தொடைக்கவா போறேன்?"

"இப்பிடியே கெடந்தா அந்த வேலையும் ஒருத்தனும் குடுக்க மாட்டான்" என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

"ஒன் மதினி வாயப் பாத்தியா. ஸ்ட்ரோக்கு வந்தா அங்கல்லா வந்திருக்கணும்."

மதினி சிரித்துவிட்டார். ஆனால் துண்டு மடித்தபடி கிடந்தது. கொண்டைக்கடலை குழம்புக்குப் போனது.

எனக்கு அண்ணன்மேல் கோபம் வரவில்லை. என் தொழிலின் கண்ணோடுதான் பார்த்தேன். என் பட்டியலில் உள்ள எதுவும் அந்தப் பயிற்சியில் இல்லை. துண்டைத் தள்ளினால் துண்டு நகர்கிறது, அவ்வளவுதான். பதில் இல்லை, முடிவு இல்லை, நேற்றைவிட இன்று மேல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை யார் ஆடுவார்கள் என்று நினைத்தேன். இதைவிட நல்லதாக என்னால் செய்ய முடியும் என்றும் நினைத்தேன்.

கார்கானாவுக்குப் போய், அண்ணனுக்குப் பதிலாக வந்திருந்த புது மாஸ்டர் வெட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வலது கை தள்ளுகிறது, முதுகும் சேர்ந்து தள்ளுகிறது. கண் கத்தியில் இல்லை, கத்திக்கு இரண்டு விரல் முன்னால் கோட்டில் இருக்கிறது. வளைவு வரும்போது மூச்சை நிறுத்துகிறார். இடது கை விரிந்து துணியோடு ஒட்டிக் கிடக்கிறது. திருப்பத்தில் லேசாக எழும்பி மறுபடி படிகிறது.

எல்லாவற்றையும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தேன், இடது கையைத் தவிர. விரிந்த கையின் அழுத்தத்தை அளக்க அகலமான சென்சார் தகடு வேண்டும். அது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என்னிடம் இருந்தது பழைய பி.பி. கருவியின் ரப்பர் குமிழும், காற்றழுத்தம் அளக்கும் ஒரு சின்ன சிப்பும். குமிழைக் கைக்குள் வைத்து அமுக்கினால் எண் ஏறும், விட்டால் இறங்கும். போனோடு இணைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. விரிந்த கைக்குப் பதில் மூடிய கை. எதுவும் அசையாமல் கிடப்பதற்கு இது மேல் என்று வைத்துக்கொண்டேன். என் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திரையில் நீலத் துணி. வெள்ளைக் கோடு. கத்தி தானாக ஓடும். குமிழை அமுக்கிப் பிடித்திருந்தால் துணி நகராமல் இருக்கும், கத்தி கோட்டிலேயே போகும். திருப்பம் வந்தால் பிடியை விட வேண்டும், துணி திரும்பும், மறுபடி பிடிக்க வேண்டும். முடித்தால் ஒரு சட்டையின் கை மடிந்து வந்து விழும், 'சபாஷ் மாஸ்டர்' என்று எழுத்து வரும். அண்ணன் தமிழ் முனிசிபல் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழிலேயே வைத்தேன்.

முதல் மூன்று நாள் அவர் ஒரு லெவலையும் தாண்டவில்லை. நான் நேர்மையாகச் செய்திருந்தேன். கை தந்த எண் என்னவோ அதுதான் திரையில். கத்தி கோட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் குமிழைச் சுவரில் எறிந்தார்.

"தோத்துக்கிட்டே இருக்கதுக்கு ஒரு மிஷினா? அதுக்கு எங் கையே போதும்லா."

மறுநாள் அலுவலகத்தில் மெத்தையின் புரோகிராமை நகலெடுத்து அண்ணனின் விளையாட்டுக்குள் ஒட்டினேன். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மூன்று முறை கத்தி விலகினால் நான்காவது முறை கொஞ்சம் குறைவாக அமுக்கினாலே, திருப்பத்தில் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். அவருடைய கை எப்படி இருக்கிறதோ அதற்கு விளையாட்டு வளைந்துகொடுக்கும்.

அன்று சாயங்காலம் முதல் லெவலைத் தாண்டினார். சட்டைக் கை வந்து விழுந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இதுல ஏதும் கோல்மால் இல்லியே?"

"என்ன கோல்மால்? உன் கை, உன் லெவல்."

என் பட்டியலின் கடைசி வரியைத்தான் அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவரைத் தூண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலையில் பத்து ஆட்டம், மதியம் சாப்பிட்டு எழுந்ததும், சாயங்காலம் நான் வந்ததும். வாசலில் உட்கார்ந்து ஆடினார். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள்.

"மாஸ்டர், எத்தன?"

"ஒம்பது."

"நேத்தும் ஒம்பதுதான?"

"நேத்து எட்டுல்லா. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு."

கேரம் ஆட்கள்கூட வந்தார்கள். ஒருவர் குமிழை வாங்கித் தன் நல்ல கையால் அமுக்கிப் பார்த்துத் தோற்றார். அமுக்குவதில் அல்ல, திருப்பத்தில் விட மறந்ததில். அண்ணன் அவரைக் கிண்டல் செய்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. அலுவலகத்தில் சோதனைக்கு வந்து எத்தனையோ பேர் விளையாடுவதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப்புறம் நின்று பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். என் வேலையில் நான் பார்த்த மிகச் சந்தோஷமான ஆட்டக்காரர் அண்ணன்தான். இதில் மிகை இல்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தண்ணீர். இழுத்து நடக்கும் காலோடு அதில் இறங்க முடியாது. ஒரு வாரம் மாட்டுங்கா போகவில்லை. அடுத்த வாரம் மதினி என்னிடம் கேட்டார். வீட்டில் படித்தவள் நான் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள்.

"எம்மா, ஒங்க அண்ணன் போக மாட்டேங்காவ. அங்க போயி என்னத்தக் கிழிச்சேன், இங்ஙனதான் கை வருதுன்னு சொல்லுதாவ. எனக்கும் அந்த வீட்டுல லேட்டு லேட்டுன்னு பேச்சு. நீ என்ன சொல்லுத? நிறுத்திருவமா?"

நான் போனை எடுத்து, லெவல்கள் ஏறிய கோட்டைப் பார்த்தேன். நேராக மேலே போயிருந்தது. பதினான்கு.

"நல்லா ஏறிக்கிட்டுத்தான் இருக்கு மதினி. மழ விடட்டும், பாப்போம்."

மழை விட்ட பிறகும் போகவில்லை. யாரும் முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின்மேல் எல்லோரும் இருந்துவிட்டோம்.

இருபத்திரண்டு. இருபத்தேழு. முப்பது. இதற்கிடையில் ஒரு நாள் மதினி அண்ணனுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தார்.

"கையத் தொறங்களேன். நகம் உள்ள குத்தி நிக்கி பாருங்க."

"தொறந்துதான இருக்கு."

"எங்க தொறந்திருக்கு? வேர்வ நாத்தம் வேற."

"கிரிப்பு வந்திருக்கு, அதான். இறுக்கிப் பிடிக்கி. பாரு, ஒன்னால பிரிக்க முடியுதா?"

மதினி இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் ஜெயித்துவிட்டதுபோல் என்னைப் பார்த்தார். நானும் அதைப் பிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கையை நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. என்னிடம் எண் இருந்தது.

நான் மொத்தம் நாற்பது லெவல்தான் செய்திருந்தேன். நாற்பதை முடித்தால் கார்கானாவுக்குப் போய்விடுவேன் என்று அண்ணன் சந்து முழுவதும் சொல்லி வைத்திருந்தார். கணபதி கரைத்த மறுவாரம் நாற்பதை முடித்தார். சனிக்கிழமை காலை சட்டையை இன் செய்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பார்க்க வேண்டுமாம்.

முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். வாசலுக்கே வந்தார். "வாங்க மாஸ்டர், வாங்க. தீவாளி ஆர்டர் தலைக்கு மேல நிக்கி. டீ சொல்லவா?"

"மொதல்ல வேல. பெறவு டீ."

முதலாளி யோசித்துத்தான் செய்தார். ஆர்டர் துணியைத் தொடவிடவில்லை. பத்து அடுக்கு பழைய லைனிங் துணியை விரிக்கச் சொல்லி, ஒரு நேர்கோடு மட்டும் போடச் சொன்னார். புது மாஸ்டர் ஒதுங்கி நின்றார். அண்ணன் வலது கையால் மிஷினைப் பிடித்தார். அது சரியாக இருந்தது, ஆறு மாதம் ஆனதுபோலவே தெரியவில்லை. பிறகு இடது கையைத் தூக்கித் துணியின்மேல் வைத்தார்.

கை மூடியிருந்தது. மூடிய முட்டியாகத்தான் துணியின்மேல் உட்கார்ந்தது. மிஷினை விட்டுவிட்டு வலது கையால் விரல்களைப் பிரித்தார். பற்களைக் கடித்துக்கொண்டு பிரித்தார். பரப்பி வைத்து வலது கையை எடுத்ததும், விரல்கள் மெதுவாகச் சுருண்டு, மேல்துணியையும் கொத்தாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு மூடின. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் பிரிக்கவில்லை. அந்த முட்டியை வைத்தே துணியை அமுக்கிக்கொண்டு மிஷினை ஓட விட்டார்.

முட்டிக்குள் மாட்டிய துணி மடிந்து எழும்பிக் கத்தியை நோக்கி வந்தது, கையும் கூடவே வந்தது. முதலாளி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

கத்தி நின்றது. கத்திக்கும் அண்ணனின் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"மாஸ்டர், கைய எடுங்க" என்றார் முதலாளி, ரொம்ப மெதுவாக.

"நாப்பது லெவல் முடிச்சிருக்கேன்" என்றார் அண்ணன்.

முதலாளிக்கு அது என்னவென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் விளையாட்டின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். குமிழின் எண்கள் நொடிக்கு நொடி அதில் பதிவாகியிருந்தன. முதல் நாளிலிருந்தே இருந்தன. நான் திறந்ததில்லை, லெவல் ஏறுவது போதுமானதாக இருந்தது. இரண்டு எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன்: அமுக்கும்போது எவ்வளவு, விடும்போது எவ்வளவு.

முதலில் மெத்தைதான் அவரைத் தாங்கியிருந்தது. நான்காவது லெவலிலிருந்து கை உண்மையாகவே முன்னேறி மெத்தையைத் தாண்டிப் போயிருந்தது. அமுக்கினால் எண் ஏறியது, விட்டால் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வந்தது. அவர் மாட்டுங்காவுக்குப் போய்வந்த வாரங்கள் அவை. மழை பிடித்துக்கொண்ட பிறகு, விடும்போது உள்ள எண் பூஜ்யத்துக்கு வருவது நின்றது. வாரத்துக்கு வாரம் அது மேலே ஏறியது. கை குமிழை விடவே இல்லை. கடைசி வாரத்தில் அமுக்கியதற்கும் விட்டதற்கும் நடுவில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. அந்தக் குறுகிய வித்தியாசத்துக்கு ஏற்ப மெத்தை எழும்பி எழும்பி வந்திருந்தது. நாற்பதாவது லெவல் அவரிடம் கேட்டது, பதினொன்றாவது லெவல் கேட்டதைவிடக் குறைவு.

புரோகிராமில் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். நான் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தது.

மறுநாள் மூன்று பேரும் மாட்டுங்கா போனோம். அந்த மராத்திக்காரப் பெண்மணி, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று எங்களைக் கேட்கவில்லை. அண்ணனின் கையை மடியில் வைத்து நடுவிரலைப் பிரிக்கத் தொடங்கினார். அண்ணன் அலறினார். அவர் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் நகம் பதிந்து தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

வீட்டில் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். நான் குமிழையும் போனையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் கையில் வைத்து ஒருமுறை அமுக்கினார், ஒருமுறை விட்டார். ஒரு லெவலை முடித்தார். 'சபாஷ் மாஸ்டர்' வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கையை மூட இவருக்கு யார் உதவியும் வேண்டாம். அது தானாகவே மூடும், நோயே அதுதான்" என்றார். "நான் வரச் சொன்னது திறப்பதற்கு."

பிறகு என்னிடம் பேசவில்லை. அண்ணனிடம் நேராகச் சொன்னார். வெட்டும் வேலையை இனி நினைக்க வேண்டாம். விரலைத் திறந்து கழுவ வேண்டும், புண்ணாகாமல் பார்க்க வேண்டும், சட்டைக்குள் கை போக வேண்டும். இப்போதைக்கு அவ்வளவுதான். இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி ஒன்று இருக்கிறது, டாக்டரைப் பார்த்து முடிவு செய்யலாம். சீக்கிரமே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று மதினி கேட்டார். அவர், "இருந்திருக்கலாம்" என்றார்.

அண்ணன் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில், "கொழுப்பெடுத்துப் போயி நிறுத்துனேன்" என்று ஜன்னலிடம் சொன்னார். மதினி, "நாந்தான் லேட்டு லேட்டுன்னு சொன்னேன்" என்றார். மெத்தையைப் பற்றி நான் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தாராவி டிப்போ வரை நினைத்தேன். சொன்னால் அவரிடம் மிச்சம் இருக்கும் ஒன்றையும், கஷ்டப்பட்டு ஆடி ஜெயித்தேன் என்ற ஒன்றையும், எடுத்துவிடுவேன். சொல்லாவிட்டால், அவர் செய்யாத தப்பை அவரிடமே விட்டுவிடுவேன். வீட்டுக்குள் வந்து அவர் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அண்ணே, அந்த கேம் உனக்கு விட்டுக்குடுத்துச்சு."

"எது?"

"நீ தோத்தா அது தானா லேசாயிரும். நான்தான் அப்படி வச்சேன். நம்பர் மட்டும் ஏறும். கை ஏறல."

அண்ணன் கையைப் பார்த்தார். "எதுல இருந்து?"

"மொதல்ல கொஞ்சம். அப்புறம் நாலுல இருந்து பத்து வரைக்கும் உன் கைதான். பதினொண்ணுல இருந்து மறுபடியும்."

"நான் கேட்டேம்லா ஒங்கிட்ட. கோல்மால் இருக்கான்னு."

"கேட்ட."

மதினி அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார். அண்ணன் உதட்டுக்குள் எண்ணினார். "நாலு, அஞ்சு, ஆறு... அப்ப ஏழு."

"ஏழு."

"அது நெசந்தானா?"

"நெசம்."

அவர் கத்தினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். எழுந்து போயிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். அவர் உட்கார்ந்தே இருந்தார். "ஆனா நல்லா இருந்துச்சு ஏட்டி" என்றார். "அந்த மூணு மாசம். அதான் ஒரு மாதிரி இருக்கு."

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு நன்றாக இருந்தது. ஒரு விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமோ அப்படியே இருந்தது. பயிற்சியை விளையாட்டாக்கியது தப்பா என்றால், இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதல் மாதம் அவரை எழுப்பி உட்கார வைத்தது அதுதான். சந்தோஷத்துக்கும் முன்னேற்றத்துக்கும் இடையில் ஒரு கயிறு இருந்தது. அதை நான் அறுத்தபோது இரண்டு பக்கமும் சத்தமே வரவில்லை. தோல்வி ஆடுகிறவரை விரட்டிவிடும் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தோல்வி ஒரு செய்தி என்பதை, அதுவும் வேறு யாரும் அவருக்குக் கொண்டுவராத செய்தி என்பதை, நான் யோசிக்கவில்லை. திருப்பத்தில் கத்தி விலகிக்கொண்டே இருந்திருந்தால், அண்ணன் ஒரு வாரம் கோபப்பட்டிருப்பார். பிறகு ஏன் விலகுகிறது என்று கையைப் பார்த்திருப்பார்.

அலுவலகத்தில் மெத்தை இன்னும் இருக்கிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை. ஹார்பர் லைன் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஆடுகிறவருக்கு மான்குர்த் வரை பொழுது போனால் என்ன கெட்டுவிட்டது? புதிதாகச் சேர்கிறவர்களிடம் பட்டியலின் கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் மாறுகிறதா என்று கவனித்திருக்கிறேன். மாறுவதில்லை.

கார்கானா முதலாளி, உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் வேலை தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அண்ணன் இரண்டு நாள் போனார். வெட்டும் மேசையும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் போகவில்லை.

இப்போது நான் தினமும் செம்பூருக்குக் கிளம்புவதற்கு முன் அவர் எதிரே உட்காருகிறேன். வெந்நீரில் கையை ஊறவைத்து, ஒவ்வொரு விரலாகத் திறந்து, முப்பது எண்ணும்வரை பிடிக்கிறேன். திரை இல்லை, சத்தம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பிடியை விட்டுவிட்டு, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளக்கிறேன். ஊசி போட்டு ஐந்து வாரம் ஆகிறது.

"எவ்வளவு?"

"ஒண்ணர இஞ்ச்."

"நேத்து?"

"ஒண்ணே முக்கால்."

"குளிருக்கு இறுகிருக்கும்" என்றார் மதினி. பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்: ரெண்டுன்னு சொல்லேன்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "ஏட்டி, எவ்வளவு?" என்றார் மறுபடியும்.

"ஒண்ணர" என்றேன்.

"எழுதிக்கோ" என்றார்.